சுறுசுறுப்பான வேலைநாய் இனங்களைச் சிங்கப்பூரில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடு மேய்க்கவும், வேட்டையாடவும், பனிவண்டி இழுக்கவும், காவல் காக்கவும் உருவாக்கப்பட்ட நாய் இனங்களைச் சிங்கப்பூரில் வளர்க்க எண்ணும் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. இத்தகைய நாய்க்கு ஓட்டத்தைவிட வேலைதான் முக்கியம் என்பதும், அந்த வேலையை நாள் தவறாமல் கொடுக்க வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், நாயை வாங்கும் முன் அதிகாரப்பூர்வ இணையத்தளங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைநாய் இனங்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

தோற்றத்துக்காக அன்றி, ஒரு குறிப்பிட்ட பணிக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட நாய்களை அப்படிச் சொல்கிறோம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைப்பகுதிகளில் ஆட்டுமந்தைகளை ஓட்டுவதற்காக உருவானது பார்டர் கோலி. நார்தம்பர்லாந்தைச் சேர்ந்த ஆடம் டெல்ஃபரிடம் 1893-இல் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாய், உடலைத் தாழ்த்தி, குரைக்காமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தும் ஆற்றலுக்குப் பெயர்பெற்றது; இன்றைய பார்டர் கோலிகளின் வம்சாவளி அதனிடம்தான் போய்ச் சேர்கிறது. ஜாக் ரஸ்ஸல் டெரியரின் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார், வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்டுவதற்கென்று அதை வளர்த்தெடுத்தார். மண்ணுக்கடியில் எசமானரின் குரல் எட்டாத இடத்தில் தானே முடிவெடுக்க வேண்டிய வேலை அது. அந்த நாயின் பிடிவாதமும், தோண்டும் பழக்கமும், விடாத குரைப்பும் அதன் பணிக்குத் தேவைப்பட்ட குணங்களே. சைபீரியன் ஹஸ்கி, வடகிழக்குச் சைபீரியாவில் வாழும் சுக்சி மக்களின் பனிவண்டிகளை நெடுந்தூரம் இழுத்தது. பெல்ஜியன் மாலினுவா, பெல்ஜிய நாட்டு மெக்கலன் நகரத்தைச் சுற்றிய பகுதிகளில் மந்தை காத்தது.

மந்தையும் நரியும் பனியும் இல்லாத பொங்கோல் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியிலும் இந்தக் குணங்கள் அப்படியே இருக்கும். வளர்ப்பவர் வேலை கொடுக்காவிட்டால், நாய் தானாக ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். அது பெரும்பாலும் உங்கள் சோபாவைப் பிரிப்பதாகவோ, நடைபாதையில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் குரைப்பதாகவோ இருக்கும்.

வீவக வீட்டில் எந்த இனங்களை வைத்துக்கொள்ளலாம்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடு ஒன்றில், கழகம் அனுமதித்த சிறிய இனங்களைச் சேர்ந்த ஒரு நாயை மட்டுமே வைத்திருக்கலாம். அந்தப் பட்டியலில் மடியில் படுக்கும் நாய்கள் மட்டும்தான் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள்; அது சரியில்லை. ஜாக் ரஸ்ஸல் டெரியர், ஃபாக்ஸ் டெரியர், மினியேச்சர் ஷ்னாவுசர், ஷெட்லாந்து ஷீப்டாக் ஆகிய நான்கும் அதில் உள்ளன. நான்குமே வேலைக்காக உருவான இனங்கள். பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, கோர்கி, பீகிள், ஹஸ்கி ஆகியவை பட்டியலில் இல்லை. அனுமதியில்லாத இனத்தை வைத்திருந்தால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். “அடுத்த புளோக்கில் ஒருவர் வைத்திருக்கிறாரே” என்ற வாதம் எடுபடாது. புகார் வந்த பிறகு நாயை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தால், அந்தத் துன்பம் நாய்க்குத்தான்.

உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு ‘அடோர்’ என்ற தனித் திட்டம் 2012-இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 50 சென்டிமீட்டர் உயரம், 15 கிலோகிராம் எடை என்று வரம்பு இருந்தது. 2020 முதல் உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டு, எடை வரம்பு நீக்கப்பட்டது. ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று அன்போடு அழைக்கப்படும் இந்த நாய்களில் பல, மெலிந்த உடலும் கூரிய அறிவும் கொண்டு எந்த வேலைநாய்க்கும் குறையாத சுறுசுறுப்போடு இருக்கின்றன. நம் வெப்பத்தையும் நன்றாகத் தாங்குகின்றன. வீவக வீட்டில் ஓடியாடும் நடுத்தர அளவு நாய் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான். காவல்துறை போன்ற அமைப்புகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற மோப்ப நாய்களைத் தத்தெடுக்கவும் வழி உண்டு. பயிற்சி முடிந்து நிதானத்துக்கு வந்த அந்த நாய்கள் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு மிகவும் பொருத்தமானவை.

எங்களுக்குத் தரைவீடு இருக்கிறது. மாலினுவா, ஜெர்மன் ஷெப்பர்டு வளர்க்கலாமா?

தனியார் வீடுகளில் மூன்று நாய்கள் வரை வைத்திருக்கலாம். ஆனால் ஜெர்மன் ஷெப்பர்டும், மாலினுவா உள்ளிட்ட அதன் உறவு இனங்களும், டோபர்மேன், ராட்வைலர், புல் டெரியர் முதலியனவும் சட்டத்தின் தனி அட்டவணையில் இடம்பெற்றவை. அவற்றுக்குக் கருத்தடை, மைக்ரோசிப், கீழ்ப்படிதல் பயிற்சி, 1,00,000 வெள்ளிக்கான காப்புறுதி, 2,000 வெள்ளிக்கான வங்கி உத்தரவாதம் ஆகியவை கட்டாயம். வெளியே அழைத்துச் செல்லும்போது வாய்க்கூடும் கயிறும் இருக்க வேண்டும். வாய்க்கூட்டைத் தண்டனையாக எண்ணாதீர்கள்; மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூண்டு வடிவ வாய்க்கூட்டைக் குட்டிப் பருவத்திலிருந்தே தீனி வைத்துப் பழக்கினால், நாய் தானாகவே மூக்கை அதற்குள் நுழைக்கும்.

மாலினுவாவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். காவல் பணியில் இந்த நாய் காட்டும் திறமையைக் காணொளிகளில் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் அதிகரித்துவருகிறார்கள். அந்தத் திறமைக்குப் பின்னால், நாய்க்காகவே முழுநேரமும் உழைக்கும் பயிற்றுநர் ஒருவர் இருக்கிறார். நாய் வளர்த்து அனுபவமில்லாத குடும்பத்துக்கு முதல் நாயாக மாலினுவா வேண்டாம். தோட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் என் பதில் மாறாது.

தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைக் கொண்டுவரலாமா?

ஊரில் தாத்தா வீட்டில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. கோம்பை, கன்னி ஆகியவற்றையும் சேர்த்து இவை அனைத்தும் நம் மண்ணின் வேட்டை, காவல் நாய்கள். வெப்பம் அவற்றுக்குப் புதிதல்ல. ஆனால் வீவக பட்டியலில் இவை இல்லை. தரைவீடோ தனியார் கூட்டுரிமை வீடோ வேண்டும். சிங்கப்பூர் 1953-ஆம் ஆண்டிலிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்பதால், இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு இறக்குமதி உரிமம், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, இங்கு வந்தபின் தனிமைப்படுத்தல் எனப் பல கட்டங்கள் உண்டு. ஏற்பாடுகளைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும். மேலும், சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு பாய்ந்தோடும் வகை. பூனையோ அணிலோ கண்ணில் பட்டால் அழைப்புக்குத் திரும்பாது. போக்குவரத்து மிகுந்த பேட்டைகளில் கயிறின்றி விடவே முடியாத நாய் அது.

எங்கள் குடும்பத்துக்கு எந்த இனம் பொருந்தும் என்று எப்படி முடிவுசெய்வது?

ஒரு வேலைநாளின் காலை ஆறு மணி முதல் இரவு பதினொரு மணி வரை வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்பதைத் தாளில் எழுதுங்கள். துணைப்பாட வகுப்பு, மேலதிக நேர வேலை, கோயில், வார இறுதி விருந்து எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். சூரியன் ஏழு மணி வாக்கில் உதித்து ஏழு மணி வாக்கில் மறையும் இந்த ஊரில், காலை எட்டரைக்கு முன்பும் மாலை ஆறரைக்குப் பின்பும் உள்ள நேரம்தான் நாய்க்கு ஏற்றது. அந்த இரு வேளைகளிலும் தலா முக்கால் மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் ஒருவர், அவருக்கு உடல்நலமில்லாதபோது மாற்றாள் ஒருவர் என்று இருவர் பெயரை எழுத முடியவில்லையென்றால், எந்த வேலைநாயும் இப்போதைக்கு உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

இல்லப் பணிப்பெண் பார்த்துக்கொள்வார் என்று கணக்குப் போடுகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். அவருக்கு நாய்கள் மீது அச்சமோ ஒவ்வாமையோ இருக்கலாம். சமயக் காரணங்களால் தொடத் தயங்கலாம். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது நாய் தன் முதன்மைத் துணையை இழக்கும். முன்கூட்டியே கேட்டு, அவர் முழு மனதோடு ஒப்புக்கொண்டால் மட்டுமே அவரை இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

அதன் பிறகு இனத்தின் பழைய பணியைப் பாருங்கள். மந்தை நாய்கள் மனிதரின் முகத்தைப் பார்த்து வேலை செய்பவை. விரைவில் கற்கும், விரைவில் பதற்றமும் கொள்ளும். சத்தமும் சண்டையும் நிறைந்த வீட்டில் ஷெட்லாந்து ஷீப்டாக் வாடிப்போகும். டெரியர்கள் அப்படியல்ல, கூச்சலைப் பொருட்படுத்தாமல் குழந்தைகளோடு கலந்து விளையாடும், ஆனால் கற்றதைச் செய்வதா வேண்டாமா என்று தாமே தீர்மானிக்கும். ஹஸ்கியைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது: அடர்ந்த இரட்டை ரோமத்தோடு நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் அடைந்து கிடக்க வேண்டிய நாயை இந்தத் தீவில் புதிதாக வாங்குவது அதற்குச் செய்யும் நன்மையல்ல. வீடு இழந்த ஹஸ்கிக்கு அடைக்கலம் கொடுப்பது வேறு, அது பாராட்டத்தக்கது.

குட்டியாக வாங்குவதா, வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதா?

வளர்ந்த நாயின் குணம் தெரிந்துவிட்டது என்பது மிகப் பெரிய வசதி. விலங்குவதைத் தடுப்புச் சங்கம், எஸ்ஓஎஸ்டி முதலான அமைப்புகளில் இரண்டு மூன்று வயது நாய்கள் காத்திருக்கின்றன. பலமுறை சென்று பழகிப் பார்த்து முடிவெடுக்கலாம்.

குட்டிதான் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டுமே வாங்குங்கள். தாய் நாயை நேரில் பார்க்கக் கேளுங்கள். ஷெட்லாந்து ஷீப்டாக், பார்டர் கோலி ஆகியவற்றுக்குப் பரம்பரைக் கண்நோய்ப் பரிசோதனையும், ஜாக் ரஸ்ஸலுக்குக் கண்வில்லை விலகல், முழங்கால் சில்லு நழுவல் ஆகியவற்றுக்கான பரிசோதனையும், பெரிய இனங்களுக்கு இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயும் செய்யப்பட்டனவா என்று விசாரியுங்கள். எல்லை தாண்டிக் காரில் மறைத்துக் கொண்டுவரப்படும் குட்டிகள் மலிவாகக் கிடைக்கலாம். தடுப்பூசியின்றி, மயக்க மருந்து கொடுக்கப்பட்டு, மூச்சுத்திணறி வரும் அந்தக் குட்டிகளில் பல பிழைப்பதில்லை. உரிமமின்றி இறக்குமதி செய்வது 10,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கத்தக்க குற்றம்.

மூன்று மாதம் நிறைந்த ஒவ்வொரு நாய்க்கும், தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் பெற வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி.

தினமும் எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் பந்து எறிந்து ஓடவிட்டால், ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பழகிய விளையாட்டு வீரனைத்தான் நீங்கள் உருவாக்குவீர்கள். மூன்று மாதம் கழித்து அதே நாய்க்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்படும். வீட்டுக்கு வந்தபின்னும் நெஞ்சு படபடக்க நடந்துகொண்டே இருக்கும். பந்தைத் திரும்பத் திரும்ப எறிவது நாயை அமைதிப்படுத்தாமல் மேலும் முறுக்கேற்றுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வளர்ந்த, உடல்நலமுள்ள நாய்க்குக் காலையும் மாலையும் சேர்த்து ஒன்றரை மணி நேர வெளிநடை போதுமானது. அதில் பாதி நேரத்தையாவது மோப்பம் பிடிக்க விடுங்கள். விளக்குக் கம்பத்தடியில் நின்று முழுதாக மூன்று நிமிடம் முகரும் நாயை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த மூன்று நிமிடத்தில் அது செய்தித்தாள் வாசிப்பதுபோல ஊர் நிலவரம் முழுவதையும் அறிந்துகொள்கிறது. கயிறில்லாமல் ஓட, பீஷான்–அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, கத்தோங் பூங்கா, ஜூரோங் லேக் கார்டன்ஸ் ஆகியவற்றில் வேலியிட்ட நாய் ஓடுதளங்கள் உள்ளன. கூட்டம் மிகுந்த ஞாயிறு மாலையில் மந்தை நாயை அங்கே கொண்டுபோனால் அது மற்ற நாய்களை வளைத்து ஓட்டத் தொடங்கி, சச்சரவில் முடியும். வேலைநாள் காலையே நல்லது. பெருவிரைவு ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்கள் தவிர மற்றவற்றுக்கு அனுமதியில்லை என்பதால், ஓடுதளம் நடக்கும் தொலைவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எலும்பு முனைகள் முதிர்ச்சியடைய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை நெடுந்தூர ஓட்டமும், உயரத் தாண்டுதலும், சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடவிடுவதும் கூடாது. வழுக்கும் பளிங்குத் தரையில் பாய்ந்து திரும்புவதும் மூட்டைக் கெடுக்கும். கூடத்தில் இரண்டு ரப்பர் பாய்களை விரித்து வையுங்கள்.

வீட்டுக்குள் என்ன வேலை கொடுக்கலாம்?

மூக்குக்கும் மூளைக்கும் வேலை கொடுங்கள். காலை உணவைத் தட்டில் வைப்பதற்குப் பதிலாக, பழைய துண்டு ஒன்றை விரித்து, தீனியைப் பரப்பி, இறுக்கமாகச் சுருட்டி முடிச்சிட்டுக் கொடுங்கள். முதல் நாள் இழுத்துக் கிழிக்கப் பார்க்கும். நான்காவது நாளுக்குள், ஒரு முனையைக் காலால் அழுத்தி மறுமுனையை மூக்கால் உருட்டக் கற்றுக்கொள்ளும். பிறகு மூன்று அட்டைப் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் ஒளித்து வையுங்கள். அதன் பிறகு ஓர் அறை முழுவதும். ஏலக்காய் ஒன்றைத் துணியில் கட்டி, அந்த வாசனையைக் கண்டுபிடித்தால் தீனி என்று பழக்கினால், மோப்ப நாய்கள் கற்கும் முதல் பாடத்தை உங்கள் நாயும் கற்கத் தொடங்கிவிட்டது. பதினைந்து நிமிடம் இப்படித் தேடிய நாய் தானாகவே போய்ப் படுத்து உறங்குவதை நீங்கள் பார்ப்பீர்கள்.

பொம்மைகளின் பெயர்களைக் கற்பிப்பதும் மந்தை நாய்களுக்கு மிகவும் பிடித்த வேலை. ஜான் பில்லி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தம் பார்டர் கோலியான ‘சேசர்’ என்ற நாய்க்கு 1,022 பொருள்களின் பெயர்களைக் கற்பித்தார். உங்கள் நாய்க்கு ஐந்தே பெயர் தெரிந்தாலும், “மஞ்சள் பந்து எங்கே? எடுத்துவா” என்று பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை வாங்கலாம். தமிழில் கட்டளையிடலாமா என்று கேட்கிறார்கள், தாராளமாக. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் விதி.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் சும்மா இருப்பது. ஒரு பாயை விரித்து, அதன்மேல் படுத்திருக்கும்போது மட்டும் அமைதியாக வந்து ஒரு துண்டு தீனியை வையுங்கள். எழுந்தால் தீனி இல்லை. பத்து நொடியில் தொடங்கி, குடும்பத்தினர் சாப்பிட்டு முடிக்கும்வரை நீட்டுங்கள். விருந்தினர் வரும் தீபாவளி நாளில் இந்தப் பாடத்தின் பலன் தெரியும்.

வெயிலில் எவ்வளவு கவனம் தேவை?

மிகுந்த கவனம் தேவை. நாய் மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது அந்த வழி சரிவர வேலை செய்யாது. ஆகவே மேகமூட்டமான 29 டிகிரி நாளிலும் ஆபத்து உண்டு. வேலைநாய்களின் தனிச்சிக்கல் என்னவென்றால், அவை தாமாக நிறுத்துவதில்லை. பந்து பறக்கும்வரை விழுந்தும் ஓடும். நிறுத்த வேண்டியவர் நீங்கள்.

நாக்கு அகன்று முனையில் கரண்டிபோல் விரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஈறு கருஞ்சிவப்பாவது, எச்சில் கெட்டியாகி நூலாக வடிவது, பின்கால்கள் தள்ளாடுவது, வாந்தி ஆகியவை வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். அந்த நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வாகனம் தேட வேண்டும். குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும், குறிப்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும், தொடர்ந்து ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டால் மூடி வைக்காதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிறகு குளிர்சாதன வசதியுள்ள வாகனத்தில் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். நாய் எழுந்து நடந்துவிட்டாலும் செல்லுங்கள், ஏனெனில் சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும்.

நடைபாதையில் புறங்கையை ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லையென்றால் அந்தத் தரை நாயின் பாதத்துக்கும் ஆகாது. வீட்டுக்கு அருகிலுள்ள இருபத்துநான்கு மணி நேரக் கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை இன்றே குறித்து வையுங்கள்.

குழந்தைகளின் குதிகாலைக் கவ்வுகிறது. சைக்கிளைக் கண்டால் பாய்கிறது. என்ன செய்வது?

நகரும் பொருளை வளைத்து நிறுத்துவது மந்தை நாயின் பிறவிக் குணம். அடிப்பதும் அதட்டுவதும் பயன் தராது. உற்சாகத்தைக் கூட்டவே செய்யும். குழந்தை ஓடுவதை நிறுத்தி மரம்போல் நிற்கப் பழக வேண்டும். நாய்க்கு அந்தக் கணத்தில் வேறொரு வேலை, எடுத்துக்காட்டாகக் கயிற்றுப் பொம்மையை இழுப்பது, கொடுக்கப்பட வேண்டும். வயது வந்தவர் அருகில் இல்லாமல் சிறு குழந்தையையும் நாயையும் ஒன்றாக விடாதீர்கள்.

பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள் வருகிறது என்றால், நாய் முதலில் உடலைத் தாழ்த்தும், வாலைத் தணிக்கும், கண்ணிமைக்காமல் பார்க்கும். பாய்ச்சலுக்கு முந்தைய அந்த இரண்டு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பெயரைச் சொல்லி அழைத்து, திரும்பிப் பார்த்தவுடன் தீனி கொடுங்கள். தொலைவிலிருந்து தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக நெருங்குங்கள்.

மின்விசிறியின் நிழலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டா?

இல்லை. நிழலையும் ஒளிப்பொட்டையும் துரத்தும் பழக்கம் பார்டர் கோலி போன்ற இனங்களில் விடமுடியாத நோயாக முற்றக்கூடும். லேசர் ஒளியைக் காட்டி விளையாடவே விளையாடாதீர்கள். விசிறிக்கு மேலுள்ள விளக்கை மாற்றுங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், தீனித் தேடலைக் கூட்டுங்கள். உணவைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தால், நடத்தைச் சிகிச்சையில் தேர்ந்த கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிறோம். தனியாக விடலாமா?

வளர்ந்த நாயை நான்கு, ஐந்து மணி நேரம் விடலாம்; பத்து மணி நேரம் விடுவது நியாயமில்லை. நடுப்பகலில் ஒருவர் வந்து வெளியே கூட்டிச்செல்ல ஏற்பாடு செய்யுங்கள், அல்லது வாரத்தில் சில நாள் பகல்நேரக் காப்பகத்தில் விடுங்கள். கிளம்பும் முன் மோப்ப நடை, கிளம்பும்போது உறையவைத்த தீனி அடைத்த ரப்பர் பொம்மை என்ற வரிசை நன்றாகப் பயன்படும். கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்து பாருங்கள்: முதல் அரை மணிக்குள் உறங்கிவிட்டால் கவலையில்லை, கதவைச் சுரண்டியபடி எச்சில் வடிய ஊளையிட்டால் அது பிரிவுப் பதற்றம், அதற்குச் சிகிச்சை தேவை.

அக்கம்பக்கத்தாரோடு சிக்கல் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

நாய் வருவதற்கு முன்பே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள். நாயின் எச்சில் பட்டால் கழுவித் தூய்மை செய்ய வேண்டும் என்பது முஸ்லிம் குடும்பங்களின் சமய நெறி. மின்தூக்கிக்குள் அவர்கள் இருந்தால், அடுத்த முறைக்குக் காத்திருங்கள். நாய்க்கு அஞ்சும் முதியவர்களும் குழந்தைகளும் எல்லாச் சமூகத்திலும் உண்டு. மின்தூக்கியின் மூலையில் நாயை உட்காரவைத்து, உங்கள் உடலால் மறைத்து நிற்பதை ஒரு பாடமாகவே பயிற்றுவியுங்கள். கழிவை அள்ளுவதும், சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றுவதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை.

நம் வீட்டுச் சாப்பாட்டைக் கொடுக்கலாமா?

சாம்பார், ரசம், குழம்பு ஊற்றிய சோறு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்திலும் கேசரியிலும் உள்ள உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாக்லேட்டும், சமைத்த கோழி எலும்பும் ஆபத்தானவை. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போது சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்பில்லாத தயிர்ச்சோறு ஒரு கரண்டி கொடுப்பதில் தவறில்லை, ஆனால் உழைக்கும் உடலுக்கு அதுவே உணவாகாது. இறைச்சிப் புரதம் நிறைந்த முழுமையான உணவு வேண்டும். விலாவெலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

வெப்பத்துக்காக ரோமத்தை மழித்துவிடலாமா?

இரட்டை ரோமமுள்ள ஷெட்லாந்து ஷீப்டாக், கோலி வகைகளை மழிக்கக் கூடாது. மேல்ரோமம் வெயிலைத் தடுக்கிறது. மழித்தால் சீராக வளராமலும் போகலாம். வாரம் மூன்று முறை அடிரோமத்தைச் சீவி எடுங்கள். மழையில் நனைந்தால் தோல்வரை உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் புண் வரும்.

உண்ணிக்கு எந்த மருந்து நல்லது?

ஆண்டு முழுவதும் வெப்பமாக இருப்பதால் இங்கே உண்ணிக்கு ஓய்வுக்காலமே இல்லை. பழுப்பு நாய் உண்ணி வீட்டுச் சுவரிடுக்கிலும் இனம்பெருக்கும். எர்லிக்கியா, பபேசியா ஆகிய உண்ணிக் காய்ச்சல்களைப் பரப்பும். காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். துள்ளித் திரிந்த நாய் ஒரே நாளில் அமைதியாகிவிட்டால், ‘பக்குவம் வந்துவிட்டது’ என்று எண்ணாமல் ஈறைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கும் தடுப்பு மருந்து தேவை.

கோலி, ஷெட்லாந்து ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு ஆகியவற்றில் சில நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் உண்டு. அத்தகைய நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து அதிக அளவில் சென்றால் மூளையைத் தாக்கும். வயிற்றுப்போக்குக்கு மனிதர்கள் உட்கொள்ளும் லோப்பரமைடும் ஆபத்தானது. ஒருமுறை மரபணுப் பரிசோதனை செய்து, முடிவை மருத்துவக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். வலிப்பு வந்த வரலாறு இருந்தால், உண்ணி மாத்திரை தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இடியைக் கண்டு நடுங்குகிறது. பழகிவிடுமா?

தானாகப் பழகாது, பெரும்பாலும் கூடிக்கொண்டே போகும். சன்னலில்லாத உள்ளறையில் படுக்கையைப் போட்டு, விசிறியைச் சத்தமாக ஓடவிட்டு, பக்கத்தில் இருங்கள். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது உண்மையன்று. தேசிய தின வாணவேடிக்கைக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்து வாங்கி வைக்கலாம்.

எவ்வளவு முயன்றும் சமாளிக்க முடியவில்லை. இனி என்ன செய்வது?

முதலில் முழு உடல் பரிசோதனை. மூட்டுவலியும் காதுவலியும் பல நாய்களை முரடாக்குகின்றன. பிறகு, மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையையும் கழுத்தை நெரிக்கும் சங்கிலியையும் பயன்படுத்தாத பயிற்றுநர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, உங்கள் அன்றாட ஒழுங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று முதல் இரண்டு வயதுவரை எல்லா வேலைநாய்களும் கடினமானவையே. அந்தக் கட்டத்தில்தான் மிகுதியானவை கைவிடப்படுகின்றன.

அதன் பிறகும் முடியாவிட்டால், பொருத்தமான வேறு வீட்டைத் தேடிக் கொடுப்பதில் இழிவு ஏதுமில்லை. தெருவிலோ பூங்காவிலோ விட்டுவிடுவது 10,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கத்தக்க குற்றம். புதிய வீட்டாரிடம் கடித்த நிகழ்வு ஏதேனும் இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். நாய்க்குத் தெரிந்த கட்டளைச் சொற்கள், உண்ணும் உணவு, அஞ்சும் ஒலிகள், கடைசித் தடுப்பூசி நாள் ஆகியவற்றையும் அதே தாளில் சேர்த்து, உரிமத்தை அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.